தலைக்கட்டுக்கு எம்புட்டு?

உயிருக்கு விலை போடுவது என் வேலைகளில் ஒன்று என்று சொன்னால் ஆட்டோக்காரர்கூடக் கண்ணாடியில் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்க்கிறார். கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிற டீச்சர், சாலைப் பாதுகாப்புக்காகக் கணக்குப் போடுகிறவள் என்று சேர்த்துச் சொன்னதும் முகம் தெளிந்துவிடும். "அப்ப என் உசுருக்கு எம்புட்டு தேறும் டீச்சர்?" என்பார். செல்லூரிலிருந்து கல்லூரி வாசல் போய்ச் சேர்வதற்குள் எத்தனை தடவை ஒருவழிப் பாதையில் எதிரே ஏறுகிறீர்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பேன். வாய்விட்டுச் சிரிப்பார். சிரிப்பு அடங்குவதற்குள் எதிரே ஏறியும் விடுவார்.

வீட்டிலும் இதே கதைதான். என் கணவர் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். ஹெல்மெட்டை ஒழுங்காக எடுத்துக்கொண்டு கிளம்புவார், முழங்கையில் மாட்டிக்கொள்வார். மதுரையில் பாதி ஆண்களுக்கு மூளை முழங்கையில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "எனக்கு எவ்வளவு வரும்னு சொல்லேன்" என்றார்.

"தேய்மானம் கழிக்கணும்ங்க."

"கழிச்சா?"

"கழிச்சா நீங்கதான் எங்களுக்குப் பாக்கி தரணும்."

அன்றைக்கு ரசம் நன்றாக இருந்ததால் பிழைத்தேன்.

உண்மையில் நான் போடுவது எந்த ஒரு ஆளுக்கான விலையும் கிடையாது. ஒரு சாலையில் ஏதோ ஒரு ஏற்பாடு செய்தால் வருஷத்துக்கு ஒரு சாவு குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய சாவு என்று கடவுளுக்குத்தான் தெரியும். அந்தப் பெயரில்லாத உயிர் தப்புவதற்காக அங்கே வசிக்கிற எல்லாரும் சேர்ந்து எவ்வளவு தரத் தயாராக இருக்கிறார்களோ, அந்தக் கூட்டுத்தொகையைத்தான் அந்த உயிரின் மதிப்பு என்கிறோம். பிறகு ஏற்பாட்டுக்கு ஆகிற செலவை ஒரு தட்டிலும் இந்த மதிப்பை இன்னொரு தட்டிலும் வைப்பார்கள். செலவுத் தட்டு தாழ்ந்தால் வேலை நடக்காது. செத்தவரின் சம்பாத்தியத்தை வைத்து மதிப்புப் போடுகிற பழைய முறையும் இருக்கிறது. சமையல்கட்டிலேயே ஆயுளைக் கழித்த பெண்களுக்கு அதில் ஏறக்குறைய ஒன்றும் தேறாது. அந்த முறையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால்தான் ஆளாளுக்குப் போய்க் கேட்கிற முறைக்கு நான் கட்சி மாறினேன்.

இப்படித்தான் கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்று எங்களிடம் வந்தது. திருச்சி நாற்கரச் சாலை அந்த ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. வீடுகளும் கோயிலும் ஊர் கூடுகிற மந்தையும் ஒரு பக்கம். பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, கடலைக்காடு, தென்னந்தோப்பு எல்லாம் மறுபக்கம். சென்டர் மீடியனில் ஒரு இடைவெளி விட்டிருந்தார்கள். ஊர் முழுக்க அதன் வழியாகத்தான் கடந்தாக வேண்டும், அதில் அடிபட்டுச் செத்தவர்களும் உண்டு. கீழே சுரங்கப்பாதை போட்டுத் தரச் சொல்லி ஊர்க்காரர்கள் கேட்டார்கள். செலவு கட்டுப்படியாகுமா என்று பார்க்கும் பொறுப்பைச் சாலைத் துறைக்காரர்கள் சென்னையில் ஒரு ஆலோசகரிடம் விட்டிருந்தார்கள், அவர் எங்கள் கல்லூரியைப் பிடித்தார். எங்கள் எண் போதுமான அளவுக்கு வந்தால் சுரங்கப்பாதைக்கு வழி உண்டு. சின்னதாக வந்தால் இருக்கிற இடைவெளியையும் அடைத்துவிடுவதாகத் திட்டம். அடைத்தால் ஊர்க்காரர்கள் பால் கேனும் புத்தகப் பையுமாக மீடியன் சுவரில் ஏறிக் குதிப்பார்கள். இதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, நம் ஊரைப் பார்த்தாலே போதும்.

கேள்வித்தாளைத் தமிழில் எழுதும்போது எனக்கும் புள்ளியியல் துறை நண்பருக்கும் ஒரு சொல்லை வைத்துச் சண்டை வந்தது. 'குடும்ப அலகு' என்று அவர் எழுதியிருந்தார். ஊரில் எவனுக்கு அலகு தெரியும், கோழிக்கும் காக்காய்க்கும்தான் அலகு என்று நான் அடித்துவிட்டு, 'தலைக்கட்டு' என்று போட்டேன். என் பூர்வீகம் பேரையூர்ப் பக்கம். அந்த ஊரில் முந்நூறு தலைக்கட்டு, இந்த ஊரில் நூறு தலைக்கட்டு என்று பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். ஒரு வீடு என்றால் ஒரு தலைக்கட்டு, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. "என்னமோ இடிக்குது மேடம்" என்றார் நண்பர். அவருக்கு எதைப் பார்த்தாலும் இடிக்கும் என்று நான் கண்டுகொள்ளவில்லை.

ஆகவே கேள்வி இப்படி அச்சாகிப் போனது: 'ஊரில் விபத்துச் சாவு பாதியாகக் குறைய, உங்கள் தலைக்கட்டு ஆண்டுக்கு எவ்வளவு தரும்?'

எங்கள் மாணவிகள் இரண்டு பிரிவாகப் போய் வீடுவீடாகக் கேட்டுவிட்டு வந்தார்கள். எல்லாரும் மோர் கொடுத்தார்களாம், ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லையாம். பெருமையாகக் கணினியில் ஏற்றினேன். முதல் வீடு ஐநூறு. அடுத்த வீடு ஐநூறு. மச்சு வீட்டுக்காரர் ஐநூறு, கூலி வேலைக்காரர் ஐநூறு. நடுநடுவே சில வீடுகளில் மட்டும் இருநூற்றைம்பது. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கேட்டால் ஆளுக்கு ஒரு தொகை சொல்வதுதான் மனித இயல்பு. அந்த இயல்பை நம்பித்தான் எங்கள் துறையே பிழைப்பு நடத்துகிறது.

சென்னை ஆலோசகர் தொலைபேசியில் மிக மரியாதையாகக் கேட்டார். "மேடம், இதை ஒரே ஆள் உக்காந்து நிரப்பினாரா?"

எனக்கு ஏற்கெனவே முன்கோபம் என்று பெயர். மாணவிகளைச் சந்தேகப்பட்டதும் அது எங்கே ஏற வேண்டுமோ அங்கே ஏறியது. நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை என் கணவர் காரோட்ட, மேலூரில் ஒரு டீயைக் குடித்துவிட்டு அந்த ஊருக்குப் போய் இறங்கினேன்.

கோயில் கமிட்டித் தலைவர்தான் ஊரில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவர். தேங்காய் வியாபாரி, இரண்டு செல்போன், வெள்ளைச் சட்டை. என்னைக் கண்டதும் மந்தை வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, "எல்லாம் திருப்தியா டீச்சர்? ஒரு வீடு விடாம எழுதிக் குடுத்திருக்கோம்" என்றார்.

"எல்லா வீட்டுலயும் ஒரே தொகை சொல்லியிருக்காங்களேண்ணே."

"பின்ன? ஊர்க்கூட்டம் போட்டுப் பேசி முடிச்சதாச்சே. தலைக்கட்டு வரின்னா ஆளுக்கு ஒண்ணாவா வாங்குவாங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஊரில் தலைக்கட்டு என்றால் வரி. கல்யாணமான ஆண் இருக்கிற வீடு ஒரு முழுத் தலைக்கட்டு. கோயில் கும்பிடு என்கிற திருவிழா வந்தால் கூட்டம் போட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று முடிவு செய்வார்கள். பணக்காரரோ ஏழையோ எல்லாருக்கும் ஒரே வரி. எங்கள் மாணவிகள் முதல் வீட்டில் கேள்வியைப் படித்த உடனே செய்தி இவருக்குப் போயிருக்கிறது. அவர் மாணவிகளை மறுவாரம் வரச் சொல்லிவிட்டு, இடையில் கூட்டம் போட்டு, ஐநூறு என்று தீர்த்துவிட்டார். மறுவாரம் எல்லாரும் ஒரே குரலில் சொல்லியிருக்கிறார்கள். மறுவாரம் ஏன் வரச் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே என்று மாணவிகளை நினைத்தேன், பிறகு அந்தச் சொல்லைப் போட்டது யார் என்பதையும் நினைத்துக்கொண்டேன்.

"இந்த இருநூத்தம்பது?"

"அது அரை வரி. புருசன் இல்லாத பொம்பளைக வீடு. அவுகளுக்குப் பாதிதான் வாங்குவோம்." சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "ஆனா கெடா வெட்டுனா கறி முழுக்கூறு குடுத்துருவோம் டீச்சர். அதுல கைய வைக்க மாட்டோம்."

நல்ல மனிதர். நல்ல வழக்கமும்கூட. வருமானம் குறைந்த வீட்டுக்குச் சலுகை தருகிற வரியை எங்கள் பாடப்புத்தகமும் பாராட்டும். ஆனால் என் கணக்குக்குள் அது நுழைந்ததும் தலைகீழாகிவிட்டது. எல்லாரும் எவ்வளவு தரத் தயார் என்பதுதான் உயிரின் மதிப்பு என்றால், அந்தப் பெண்கள் சாலையில் தப்பித்துப் பிழைப்பதற்கு மற்றவர்களில் பாதிதான் மதிப்பு என்று தாளில் வரும். சம்பாத்தியக் கணக்கில் பெண்களுக்கு ஒன்றும் தேறாது என்று கட்சி மாறியவள் நான். மாறிவந்த இடத்தில் பாதி.

"அண்ணே, இது வரி இல்ல. யாரும் காசு வாங்க வர மாட்டாங்க" என்றேன்.

"காசு வாங்க மாட்டீகளா?"

"மாட்டோம். ஆனா குடுக்கிறதா நெனச்சுக்கிட்டுச் சொல்லணும்."

அவர் யோசித்தார். என் கணவர் ஆர்வமாக எட்டிப் பார்த்தார்.

"குடுக்கப்போறதில்லன்னா தலைக்கட்டுக்கு ஒரு கோடின்னு போட்டுக்கங்க டீச்சர். எங்க ஊருக்கு என்ன கொறைச்சல்!"

என் கணவர் காருக்குப் பின்னால் போய் நின்று சிரித்தது எனக்குக் கேட்டது. முப்பது வருஷமாகப் பொருளாதார அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிற சிக்கல் அது. காசு கேட்டால் குறைத்துச் சொல்வார்கள், காசு வேண்டாம் என்றால் அள்ளி விடுவார்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து சாலையோரம் போனேன். அந்த இடைவெளியில் ஒரு பெண் பால் கேனோடு நின்றிருந்தார், நாற்பது வயது இருக்கும். கையைக் காட்டி என்னை நிறுத்தி, "அவசரப்படாதீக டீச்சர், அந்தா வர்ற லாரிக்குப் பின்னாடி ஒரு பஸ் வரும்" என்றார். லாரி போனது. அதன் பின்னால் ஒரு பஸ் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. பேச்சுக் கொடுத்தேன். காலையும் மாலையும் இரண்டு மாட்டுப் பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோகிறாராம். முன்பு அவர் கணவர் கொண்டுபோவாராம். இதே இடைவெளியில், இதே மாதிரிப் பாலோடு போகும்போதுதான் ஒரு கார் அடித்ததாம். இதை அவர் அழாமல் சொன்னார், பேச்சை நிறுத்தாமல் சாலையையும் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒங்க வீட்டுக்கு இருநூத்தம்பதுன்னு எழுதியிருக்கு" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"ஆமா, அரை வரி. நல்லதுதான டீச்சர்?"

கோயிலுக்கு நல்லதுதான், ஆனால் இது அப்படிப்பட்ட கணக்கில்லை என்று ஆரம்பித்தேன். தட்டு, செலவு, மதிப்பு எல்லாவற்றையும் என்னால் முடிந்த எளிமையில் சொன்னேன். ஊரார் தருகிற தொகையை வைத்துத்தான் இந்த இடத்தில் தப்பிக்கிற உயிர் எவ்வளவு பெறும் என்று எழுதுவோம், அதில் உங்கள் வீடு பாதியாக வருகிறது என்றேன். அவர் முழுசாகக் கேட்டார். வண்டிகளுக்கு நடுவே ஒரு சந்து கிடைத்ததும் கேனைக் கை மாற்றிக்கொண்டு, "நான் வாரேன் டீச்சர்" என்று விறுவிறுவென்று கடந்து போய்விட்டார். தேவையில்லாததைப் பேசி மனதை நோகடித்துவிட்டேனோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

சிக்கலைக் கமிட்டித் தலைவரே அவிழ்த்தார். சுரங்கப்பாதை வருகிறபோது வரட்டும், அதுவரை அந்த இடைவெளியில் விட்டுவிட்டு எரிகிற மஞ்சள் விளக்கு ஒன்று போட ஊரே ஆசைப்பட்டுக்கொண்டிருந்தது. சாலைக்காரர்கள் அனுமதி கொடுத்துவிட்டார்கள், செலவு ஊருடையது. "நெசமாவே வசூல் பண்ணுறோம் டீச்சர். நீங்களும் வந்து உக்காருங்க. வந்த காசை வச்சு ஒங்க கணக்கப் போட்டுக்கங்க" என்றார். கற்பனைக் காசுக்குப் பதில் நிஜக் காசு. இதைவிட நல்ல ஆய்வு எனக்குக் கனவில்கூடக் கிடைக்காது. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: ஊர் தொகை நிர்ணயிக்கக் கூடாது, அவரவர் மனசுக்குத் தோன்றியதைக் கொடுக்கட்டும். அவருக்கு அது பிடிக்கவில்லை. வரி என்றால் ஒரு ஒழுங்கு வேண்டாமா என்றார். கடைசியில் சரி என்றார்.

வசூல் நாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மந்தையில் மேசை, மைக் செட், குழாய் ஒலிபெருக்கி எல்லாம் வந்துவிட்டன. தலைவர் பணம் வாங்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத, என் கணவர் யாரும் சொல்லாமலே கூட்டத்தை வரிசைப்படுத்த ஆரம்பித்துவிட்டார். ஒருவர் ஆயிரம் கொடுத்தார். அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி அதைக் கேட்டுவிட்டு ஆயிரத்து ஒன்று கொடுத்தார். ஒருவர் முந்நூறு கொடுத்துவிட்டு மீதிக்குத் தேங்காய் தருகிறேன் என்றார். தொகைகள் ஏறி இறங்கி, பார்க்கவே ஆசையாக இருந்தன. புள்ளியியல் நண்பர் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார் என்று நினைத்தேன்.

அரை வரி வீட்டுப் பெண்கள் ஓரமாக வந்தார்கள். அவர்கள் ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டியதும் தலைவரின் கை பழக்கத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தது. வேண்டுமென்று செய்யவில்லை, வருஷக்கணக்கான வழக்கம் கையில் ஊறிப்போயிருந்தது. முதலில் வந்த இரண்டு பேர் மீதியை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். ஆனால் தொகை விஷயத்தில் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது என்பதுதானே என் நிபந்தனை, அது எனக்கும் சேர்த்துத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இருநூற்றைம்பது, இருநூற்றைம்பது என்று எழுதினேன்.

பிறகு அவர் வந்தார், சொசைட்டிக்குப் போகிற வழியில், பால் கேனோடு. மடித்த ஐநூறு ரூபாய் நோட்டை மேசையில் வைத்தார். தலைவர் அதை எடுத்துப் பணப்பெட்டியில் போட்டுவிட்டு இருநூற்றைம்பதை நீட்டினார்.

"இந்தா தங்கச்சி, மீதி."

அவர் கை கேனிலேயே இருந்தது. "மீதி எதுக்குண்ணே?"

"ஒனக்கு அரைதானம்மா."

"அரை வரி கோயிலுக்குண்ணே. ரோட்ட நான் முழுசாத்தான கடக்குறேன்?"

மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவர் சொன்னது குழாய் வழியாக ஊர் முழுக்கப் போய்விட்டது. தலைவர் நீட்டிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார், பணத்தைப் பார்த்தார், மெதுவாகப் பெட்டிக்குள் போட்டார். அன்றைக்குச் சாலையோரத்தில் நான் அத்தனை நேரம் பேசியதை அந்தப் பெண் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் சுமந்துகொண்டு போயிருக்கிறார். கூட்டத்தின் ஓரத்திலிருந்து, முன்னால் மீதி வாங்கிப் போன இரண்டு பெண்களும் திரும்பி வந்தார்கள், கையில் அந்த இருநூற்றைம்பதோடு. வரிசையில் நின்றிருந்தவர்கள் கொஞ்சம் விலகி வழிவிட்டார்கள்.

அவர் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. பால் நேரம் ஆகிவிட்டது. மந்தையைத் தாண்டி சாலை விளிம்பில் போய் நின்று, ஒரு லாரியை விட்டு, அதன் பின்னால் வந்த காரை விட்டு, நடுவில் இடைவெளியில் ஒருமுறை நின்றார். அவர் பெயருக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கம் மண்ணில் அவர் கால் வைத்த பிறகுதான் முழு ஐநூறை எழுதினேன்.